பெட்டி எமது மண்டபத்தில், திறப்பு யாரிடம்?

அண்மையில் நடந்த எமது சங்கக் கூட்டமொன்றில் ஒரு தாயார் எழுந்து நின்று, 2006ஆம் ஆண்டு தொடக்கம் தனது காணி அனுமதிப்பத்திரத்தின் போட்டோகொப்பியை எங்கெங்கே கொடுத்தார் என்று விரல் மடக்கி எண்ணிக் காட்டினார். முகாமில் பதிவதற்கு ஒன்று. நிவாரண அட்டைக்கு ஒன்று. பிரதேச செயலகத்துக்கு இரண்டு. வீட்டுத்திட்டம் என்று வந்தவர்களுக்கு ஒன்று, கிணறு கட்டித் தருகிறோம் என்று வந்தவர்களுக்கு ஒன்று, சும்மா விபரம் திரட்ட வந்தவர்களுக்கு இன்னொன்று. ஒரு கையின் விரல்கள் போதவில்லை. "இப்ப என்னட்ட ஒண்டும் இல்ல" என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். மூலப்பத்திரம் ஓடிய ஓட்டத்தில் தண்ணீரில் போய்விட்டது. கொப்பி வாங்கிய அலுவலகங்களில் பல இன்று பெயர்ப்பலகை கழற்றப்பட்டுப் பூட்டிக் கிடக்கின்றன.

மண்டபத்தில் எவரும் பேசவில்லை. பேசாமலிருந்ததற்குக் காரணம், அங்கிருந்த பெரும்பாலோரின் கதையும் அதுதான்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிர்ப்புறமாக, கொட்டியாரக் குடாவின் தென்கரையில் வாழும் எமக்குக் கடதாசியின் பெறுமதியை எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2006 ஏப்ரலில் தொடங்கிய குண்டுவீச்சோடு மூதூர் கிழக்கு மக்கள் வெருகலையும் வாகரையையும் கடந்து மட்டக்களப்புக்குப் போனார்கள். அதே ஆண்டு செப்ரெம்பரில் சம்பூர் படையினர் வசமாயிற்று. 2007 மே மாதத்தில் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமென வர்த்தமானியில் வந்தது. பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் என்று முகாம் வாழ்க்கை. முதலீட்டுக்கென ஒதுக்கப்பட்டிருந்த 818 ஏக்கரும் 2015இல் விடுவிக்கப்பட்டன. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் 2016 மார்ச்சில் கைக்கு வந்தது. திரும்பிச் சென்றபோது வேலியுமில்லை, வரம்புமில்லை, எல்லைக்கு நட்ட மரமுமில்லை. அந்த வெட்டைவெளியில் நின்று "இதுதான் என் வளவு" என்று சொல்வதற்கு ஒரு துண்டுக் கடதாசியாவது தேவைப்பட்டது.

எமது கிராமத்துப் பத்திரங்களின் பிரதிகளை எமது கிராமத்திலேயே, எமது கணனியிலேயே, எமது பொறுப்பிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வருவது. கடந்த சில மாதங்களாக எமது மண்டபத்தில் அதைச் செய்து பார்த்தோம். சில இடங்களில் பிழைவிட்டோம். அந்தப் பிழைகளையும் சேர்த்தே எழுதுகிறோம்.

"ஏன் இந்தத் தலையிடி? கச்சேரியில் எல்லாம் இருக்கிறதே" என்பார் உளர். இருக்கலாம். ஆனால் பெரிய இடத்துக் கோப்பும் தொலையும். 2023இல் அரசாங்கத்தின் பொதுக் கணனித் தொகுதியில் கப்பம் கேட்கும் நாசகார மென்பொருள் புகுந்ததால், அரச அலுவலகங்கள் பலவற்றின் மின்னஞ்சல்கள், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரைக்கும் உரியவை, மீட்க முடியாமற் போயின. அமைச்சரவை அலுவலகத்தினதும் அதில் அடங்கும். அந்த மூன்று மாதத்துக்கும் வேறிடத்தில் மாற்றுப் பிரதி எடுத்து வைக்கப்படாததே காரணம். கொழும்பிலேயே கதை இதுவென்றால் மூதூரில் ஒரு குடும்பம் ஒற்றைப் பிரதியை நம்பியிருப்பது எப்படிப் பொருந்தும்?

"போனில் படம் எடுத்து கூகிளில் போட்டால் போதும்" என்பது இளைஞர்களின் பதில். தவறென்று சொல்லமாட்டோம், போட்டு வையுங்கள். ஆனால் அங்கு இலவசமாகக் கிடைப்பது 15 கிகாபைட். இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்கை நீக்கும் விதியை அந்த நிறுவனம் 2023 டிசெம்பர் முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. நாமோ சிம் அட்டையை மாற்றுகிறோம், போனை அடகு வைக்கிறோம், மத்திய கிழக்குக்குப் போன மகன் திறந்து தந்த கணக்கின் கடவுச்சொல்லை அவனுக்கே ஞாபகமில்லை. காணி வழக்கோ இருபது வருடம் இழுபடும்.

இப்படிச் சொந்தமாக ஒரு தொகுதியை நிறுவிக்கொள்வது எம்மவரால் ஆகாத காரியமுமன்று. 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பின் காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரண அமைப்புகளையும் பதிவதற்கு இலங்கையின் கணனித் துறைத் தொண்டர்கள் சில கிழமைகளில் "சஹானா" என்ற மென்பொருளை எழுதினார்கள். எவரும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம் என்று அதைத் திறந்தே விட்டார்கள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அது அங்கே பயன்பட்டது. இலங்கையில் பிறந்த பொருள். அழிவின் நடுவே, கையிலிருந்ததைக் கொண்டு செய்தது. நாம் கேட்பது அதனிலும் மிகச் சிறிய காரியம்.

அது என்னவென்று விளக்குவோம். ஒரு பழைய கணனி. அதில் ஓர் இயங்குதளம். அதன்மேல், கோப்புகளை வலைப்பக்கம்போலக் காட்டும் ஒரு சிறு மென்பொருள். பக்கத்தில் ஒரு றவுட்டர். மண்டபத்துக்கு வருபவர் தன் கைத்தொலைபேசியை அந்த றவுட்டரோடு இணைத்து, வழமையாக இணையம் பார்க்கும் அதே செயலியில் சுவரில் எழுதியுள்ள இலக்கத்தை அடித்தால், தன் குடும்பத்தின் கோப்புறை திறக்கும். புதிய பத்திரத்தைப் படமெடுத்து உள்ளே போடலாம், பழையதைப் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம். இதற்கு இணைய இணைப்பே வேண்டியதில்லை. டேட்டா காசும் இல்லை. கம்பி மண்டபத்துக்கு வெளியே போகாது.

இயங்குதளமாக நாம் எடுத்தது டெபியன். 1993இல் தொடங்கிய இது லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. லினக்ஸோ 1969இல் அமெரிக்காவில் பிறந்த யுனிக்ஸின் வழியில் வந்தது. அனுமதிக் கட்டணமில்லை. திரையில் படம் காட்டும் பகுதியை விட்டுவிட்டு நிறுவினால் பத்து வருடப் பழைய கணனியும் தாராளமாக ஓடும். ஆனால் மிகப் பழைய 32 பிட் கணனி வேண்டாம். 2025இல் வெளிவந்த டெபியன் 13 அவற்றில் நிறுவுவதைக் கைவிட்டுவிட்டது. எவராவது "கொம்பியூட்டர் தானம்" என்று கொண்டுவந்து இறக்கினால் முதலில் இதைக் கேளுங்கள். தானமாக வந்து மூலையில் கிடக்கும் இரும்பு எமது கிராமங்களில் ஏற்கெனவே போதுமான அளவு உண்டு.

யுனிக்ஸ் வழியில் வந்த இயங்குதளங்களில் எமக்குப் பிடித்தது அதன் உரிமை ஒழுங்கு. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர், ஒரு குழு, மற்றவர்கள் என மூன்று தரப்பினர். ஒவ்வொரு தரப்புக்கும் வாசிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா என்று தனித்தனியே சொல்லி வைக்கலாம். வயலில் சொந்தக்காரர், குத்தகைக்காரர், வரம்பால் நடந்து போகிறவர் என்று நாம் பிரித்து வைத்திருப்பதைப் போன்றதே. எல்லாவற்றுக்கும் மேலே "ரூட்" என்று ஒருவர் உண்டு. ரூட் என்றால் வேர். அவர் எதையும் திறப்பார், எதையும் அழிப்பார். இந்த வேரைப் பற்றிப் பிறகு பேசுவோம்; எமது பிரதான கவலையே அதுதான்.

கோப்புகளைக் காட்டும் மென்பொருள்கள் பல உண்டு. நாம் பார்த்தவற்றில் டைனி பைல் மேனேஜர் என்பது ஒரேயொரு பிஎச்பி கோப்புத்தான். ஆனால் அதற்கு வேறொரு வலைச் சேவையகம் வேண்டும். அதன் ஆரம்பக் கடவுச்சொல்லும் உலகுக்கே தெரிந்தது, மாற்றாமல் விட்டால் வீட்டைத் திறந்து வைத்ததற்குச் சமன். நெக்ஸ்ட்கிளவுட் பெரியது, வசதிகள் நிறைந்தது, எமது பழைய கணனிக்குப் பாரம் கூடியது. கடைசியில் பைல் பிரவுசர் என்பதைத் தெரிவு செய்தோம். அதுவும் ஒரே கோப்பாக இறங்குவது, வேறெதையும் கேட்பதில்லை. அது எமது பத்திரங்களை விழுங்கித் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்வதில்லை என்பது இன்னொரு காரணம். பத்திரங்கள் சாதாரணக் கோப்புகளாகச் சாதாரணக் கோப்புறையில் கிடக்கின்றன. பாவனையாளர் பெயர்களும் அமைப்பு விபரங்களும் மட்டுமே அதன் தரவுக் கோப்பில். நாளை அந்த மென்பொருளை எவரும் கவனியாமல் விட்டாலும் எமது கோப்புறை அப்படியே இருக்கும். வேறொன்றை நிறுவிக்கொள்ளலாம்.

நிறுவிய முறை இதுதான். முதலில் ரூட் அல்லாத ஒரு சாதாரணப் பாவனையாளரை இந்த வேலைக்கென்றே உருவாக்கினோம். பிழை நேர்ந்தாலும் அந்தப் பெயருக்கு எட்டிய இடம் மட்டுமே சேதப்படும். பின் "காணி" என்று ஒரு கோப்புறையைத் திறந்து அதன் உரிமையை அந்தப் பாவனையாளருக்கே கொடுத்தோம். மென்பொருளை இறக்கி, "இந்தக் கோப்புறைக்கு வெளியே போகாதே" என்று சொல்லி இயக்கினோம். இயங்கியது, ஆனால் போனில் திறக்கவில்லை. அரை நாள் தலையைச் சொறிந்தோம். வேறொன்றுமில்லை, அது ஆரம்பத்தில் தான் இருக்கும் கணனிக்கு மட்டுமே பதில் சொல்லும். மண்டபத்து வலையமைப்பின் முகவரியை நாமாகக் கொடுத்து, 8080 என்ற வாசலில் காத்திரு என்று சொல்ல வேண்டும். அப்படி அடைத்து வைத்திருப்பது நல்ல குணமே.

அடுத்த பிழைக்கு நாமே முழுப் பொறுப்பு. புதிய பதிப்புகளில் முதன்முறை இயக்கும்போது நிருவாகிக்கான கடவுச்சொல்லை அது தானே உண்டாக்கித் திரையில் ஒருமுறை காட்டும். ஒரேயொரு முறைதான். நாமோ "வேலை செய்யுது, வேலை செய்யுது" என்ற சந்தோசத்தில் திரையைத் துடைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டோம். திரும்பி வந்தபோது எமது பெட்டி எமக்கே பூட்டிக் கிடந்தது. தரவுக் கோப்பை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கினோம். அன்று உள்ளே பத்திரம் எதுவும் இல்லாததால் நட்டமில்லை.

மின்சாரம் போய் வந்தால் தானாக எழுந்து இயங்கும்படி சிஸ்டம்டி என்ற மேற்பார்வையாளரிடம் இதைப் பதிந்து வைத்தோம். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில் இது அவசியம். கட்டளைகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. உயர்தரத்தில் கணனி படித்த எமது பிள்ளைகள் இருவர் ஒவ்வொரு கட்டளையையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி, அது என்ன செய்யும் என்று எதிர்ப்பக்கத்தில் தமிழில் எழுதினார்கள். அந்தக் கொப்பி இல்லாவிட்டால் இந்தக் கணனி ஒரு வருடம் தாண்டாது என்பது எமது கணிப்பு.

கோப்பின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், ஆனால் யூனிகோட்டில் அடிக்க வேண்டும். பாமினியில் அடித்துப் பழகிய ஒருவர் இட்ட பெயர்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. எல்லாவற்றையும் மாற்றி எழுதினோம்.

இனி, எம்மை உறங்கவிடாத விடயம். ஆரம்பத்தில் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் கொடுத்தோம். நம்மவர்தானே, ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தோம். கணவனை இழந்த ஒரு பெண் தன் அனுமதிப்பத்திரத்தோடு வயலை ஈடு வைத்த எழுத்தையும் சேர்த்துப் படமெடுத்துப் போட்டிருந்தார். ஒருவர் கண்ணில் அது பட்டுவிட்டது. பொழுதுபடுவதற்குள் கடையடியில் கதை. மறுநாள் காலை அவர் மண்டபத்துக்கு வந்து, "அழிச்சு விடுங்கோ" என்று மட்டும் சொன்னார். கோப்பை அழித்தோம். கதையை அழிக்க முடியவில்லை. அவர் அதன்பின் எமது கூட்டங்களுக்கு வருவதில்லை.

அன்றே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப்பெயர், தனிக் கோப்புறை என்று மாற்றினோம். இந்த மென்பொருளில் அதற்கு இடமுண்டு. ஒரு பாவனையாளர் தன் கோப்புறைக்கு மேலே ஏற முடியாது. பிறருக்கு இணைப்பு அனுப்பும் உரிமையையும் கட்டளை இயக்கும் உரிமையையும் எல்லோருக்கும் அடைத்தோம். கோப்புறைக்கு வீட்டுப் பெயரை இடாமல் தொடரிலக்கம் இட்டோம்; எந்த இலக்கம் எவருடையது என்பது கையால் எழுதிய பதிவேட்டில் மட்டும் உண்டு. முதல் நாளே செய்திருக்க வேண்டியதை ஒரு பெண்ணின் மானத்தை விலையாகக் கொடுத்துப் படித்தோம்.

ஆயினும் நிருவாகிக்கு எல்லாம் தெரியும். ரூட்டுக்கு அதைவிடவும் தெரியும். எந்த மென்பொருளைப் போட்டாலும் கணனியின் வேரைப் பிடித்திருப்பவர் உள்ளே பார்க்கலாம். எனவே அவர் யார் என்பதே கேள்வி. திட்டம் கொண்டுவரும் நிறுவனத்தின் உத்தியோகத்தர் என்றால் எமது பதில்: வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். திட்டம் முடிந்து அவர் மாற்றலாகிப் போகும் நாளில் கடவுச்சொல்லும் அவரோடு பஸ் ஏறிவிடும். சுனாமிக்குப் பின்னும் 2009க்குப் பின்னும் எமது விபரங்களை இப்படித்தான் நாம் பறிகொடுத்தோம். எமது சங்கத் தலைவர் தனியே வைத்திருக்கலாமா? அதுவும் வேண்டாம். எல்லைத் தகராறில் அவரும் ஒரு பக்கத்துக்காரர்.

நாம் செய்திருப்பது இது. கடவுச்சொல்லை இரண்டாகப் பிரித்து இருவரிடம் கொடுத்திருக்கிறோம். ஒருவர் மாதர் சங்கத்தைச் சேர்ந்தவர். இருவரும் வந்தாலன்றி நிருவாகி வேலை நடவாது. திறந்த திகதியும் காரணமும் பதிவேட்டில் எழுதப்படும். முழுக் கடவுச்சொல்லும் ஒட்டிய கடித உறையொன்றில், ஊருக்கு வெளியே நம்பிக்கையான ஓரிடத்தில் உண்டு. இது மெதுவான வழி என்று இளைஞர்கள் முணுமுணுக்கிறார்கள். மெதுவாகத்தான் இருக்கட்டும். ஈடு, சீதனம், பங்குபிரிப்பு என்று வீட்டின் உள்ளறைக் காரியங்கள் அதில் கிடக்கின்றன. பத்திரம் போட விரும்பாத குடும்பத்தை வற்புறுத்தவும் கூடாது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கணனியில் கிடக்கும் படம் உறுதியாகாது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம், காணி விற்பனை ஒப்பந்தத்தையும் மரண சாசனத்தையும் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. படத்தின் பயன் வேறு: அதிலுள்ள இலக்கமும் திகதியும் நில அளவைப் படத்தின் எண்ணும். அவை கையிலிருந்தால் காணிப் பதிவகத்திலோ பிரதேச செயலகத்திலோ உறுதிப்படுத்திய பிரதி கேட்கலாம். இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். இலக்கம் தெரியாமல் போனால் "எந்தக் காணி, எந்த வருடம்" என்ற கேள்வியோடு திரும்பி வருவோம். எனவே பெரிய பத்திரங்களை மட்டும் போடாதீர்கள். கமநல சேவை நிலையத்தில் கட்டிய ஏக்கர் வரி ரசீது, பசளை மானியப் படிவம், பழைய பங்கீட்டு அட்டை, முகாம் பதிவு அட்டை, பிறப்பு இறப்பு அத்தாட்சிகள், கிணற்றடியில் எடுத்த கலியாணப் படம்கூட இருக்கட்டும். பின்னால் தெரியும் பனையும் கிணறும் ஒருநாள் பேசும்.

இந்தப் பெட்டியை இணையத்தில் திறந்து விடலாமே, கனடாவிலுள்ள பிள்ளைகளும் பார்ப்பார்களே என்று கேட்கிறார்கள். நாம் இதற்கு உடன்படவில்லை. வெளியே ஒரு வாசல் திறந்த நிமிடத்திலிருந்து உலகின் எந்த மூலையிலிருந்தும் கதவைத் தட்டிப் பார்க்கும் தானியங்கிகள் வரும். அவற்றைத் தடுத்து நிற்க, மென்பொருளைக் கிழமைக்குக் கிழமை புதுப்பிக்க, எம்மிடம் ஆளில்லை. உள்ளே மட்டும் வைத்திருந்தாலும் கடவுச்சொல் மறைப்பின்றியே றவுட்டரைக் கடக்கிறது என்பதால் றவுட்டரின் கடவுச்சொல்லையும் அடிக்கடி மாற்றுகிறோம். பிள்ளைகளுக்குத் தேவையான பத்திரத்தை அந்தந்தக் குடும்பமே அனுப்பட்டும்.

மிஞ்சியிருப்பது மாற்றுப் பிரதி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கமெல்லாம் வெள்ளம் நின்றதை எவரும் மறக்கவில்லை. அப்படியொரு நாளில் மண்டபத்துக் கணனி ஒரு சேற்றுப் பெட்டி. ஆகவே ஒவ்வொரு இரவும் ஆர்சிங்க் என்ற கட்டளை புதிதாக வந்தவற்றை வெளி வன்தட்டொன்றில் பிரதி செய்கிறது. ஆனால் அதுவும் அதே மேசையில்தான் இருக்கிறது. இரண்டாவது வன்தட்டொன்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிரப்பித் திருகோணமலை நகரில், மேட்டு நிலத்தில் வைப்பதென்று தீர்மானித்தோம். அதிலுள்ளதைக் கடவுச்சொல்லின்றி வாசிக்க முடியாதபடி மறைகுறியாக்கம் செய்தும் விட்டோம்.

வன்தட்டு வாங்கியாயிற்று. நிரப்பியும் ஆயிற்று. நகரில் எவர் வீட்டில் வைப்பது என்பதில்தான் கடந்த இரண்டு கூட்டங்களும் கழிந்தன. மூன்று பெயர்கள் வந்துள்ளன. அடுத்த கூட்டத்துக்கு முன் ஒருவர் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், மூன்றில் எவர் அவருக்குச் சம்மதம் என்று கேட்டு வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.